ஊரில் அவசரம், க்ரீன் கார்டு நிலுவையில்: அமெரிக்காவிலிருந்து புறப்படும் முன் செய்ய வேண்டியவை

க்ரீன் கார்டு கேட்டு அமெரிக்காவுக்குள் இருந்தே போடும் ஐ-485 விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது உரிய பயண அனுமதி இல்லாமல் அமெரிக்காவை விட்டு வெளியேறினால், விண்ணப்பத்தை நீங்களே கைவிட்டதாகத்தான் அமெரிக்கக் குடிவரவு சேவைத் துறையான யுஎஸ்சிஐஎஸ் எடுத்துக்கொள்ளும். அப்பா ஐசியூவில் இருக்கிறார், அம்மா தவறிவிட்டார் என்று பிறகு எவ்வளவு எடுத்துச் சொன்னாலும் இந்த விதி இளகாது. பல வருடம் காத்திருந்து, தங்கள் முறைக்கான தேதி வந்து (‘கரண்ட்’ ஆகி), விண்ணப்பம் போட்டவர்கள் ஊரிலிருந்து வந்த ஒரு போனில் நிலைகுலைந்து அன்றிரவே விமானம் ஏறிவிடுவது உண்டு. அந்தப் பதற்றத்தைக் குறை சொல்ல யாருக்கும் மனம் வராது. ஆனால் முதல் ஓரிரண்டு நாளைச் சரியாகப் பயன்படுத்தினால் ஊருக்கும் போய் வரலாம், விண்ணப்பத்தையும் காப்பாற்றலாம்.

வேலை அடிப்படையிலான ஐ-140 மனு மட்டும் அப்ரூவ் ஆகி, ஐ-485 இன்னும் போடாதவர்களுக்கு இந்தச் சிக்கல் கிடையாது. அவர்களுடைய கவலை விசா ஸ்டாம்பிங் (திரும்பி வர கான்சுலேட்டில் பாஸ்போர்ட்டில் விசா குத்தி வாங்குவது) மட்டும்தான்.

முதலில் உங்கள் நிலை என்ன என்று பாருங்கள்

போனை வைத்ததும் டிக்கெட் தேடாதீர்கள். பாஸ்போர்ட்டையும் ஐ-485 ரசீது நோட்டீஸையும் எடுத்து மேஜையில் வையுங்கள்.

செல்லுபடியாகும் அட்வான்ஸ் பரோல், அதாவது வெளிநாடு போய்த் திரும்பி வர யுஎஸ்சிஐஎஸ் முன்கூட்டியே தரும் அனுமதி ஆவணம், ஏற்கெனவே கையில் இருக்கிறதா? தனித் தாளாக இருக்கலாம். சிலருக்கு வேலை அனுமதி அட்டையிலேயே ‘ஐ-512 அட்வான்ஸ் பரோலாகவும் செல்லும்’ என்ற வரி அச்சாகியிருக்கும். இருந்தால் காலாவதித் தேதியைப் பாருங்கள். நீங்கள் புறப்படும் நாளில் மட்டுமல்ல, திரும்பி வந்து இறங்கும் நாளிலும் அது செல்லுபடியாக இருக்க வேண்டும். அப்படி இருந்தால் கிளம்பலாம்.

அட்வான்ஸ் பரோல் இல்லை, ஆனால் வேலை விசா வகைகளான எச்-1பி, எல்-1, அவர்கள் குடும்பத்தினருக்கான எச்-4, எல்-2 இவற்றில் ஒன்றில் இருக்கிறீர்கள் என்றால், விதியிலேயே ஒரு விலக்கு உண்டு. அந்த ஸ்டேட்டஸ் தொடர வேண்டும். திரும்பி வந்து அதே நிறுவனத்தில் வேலையைத் தொடர வேண்டும். பாஸ்போர்ட்டில் செல்லுபடியாகும் எச் அல்லது எல் விசா ஸ்டாம்ப் இருக்க வேண்டும். எச்-4, எல்-2வில் இருப்பவர்கள் விஷயத்தில் துணைவரின் ஸ்டேட்டஸும் தொடர வேண்டும். இவ்வளவும் பொருந்தினால் அட்வான்ஸ் பரோல் இல்லாமலேயே போய் வரலாம், ஐ-485 பாதிக்கப்படாது. நிலுவையில் ஐ-131 (அட்வான்ஸ் பரோல் கேட்கும் படிவம்) ஒன்று இருந்தால் அது மட்டும் கைவிடப்பட்டதாகிவிடும். திரும்பி வந்ததும் புதிதாகப் போட்டுக்கொள்ளலாம்.

எச்-1பி இருக்கிறது, ஸ்டாம்ப் மட்டும் காலாவதி என்றால் நன்றாக யோசித்து முடிவெடுங்கள். “சென்னை கான்சுலேட்டில் ஸ்டாம்பிங் முடித்துக்கொண்டு வந்துவிடலாம்” என்று நண்பர்கள் சொல்வார்கள். 2025 செப்டம்பரில் நேர்காணல் விலக்கு வெகுவாகக் குறைந்துவிட்டது. அந்த ஆண்டு டிசம்பரில் எச்-1பி, எச்-4 விண்ணப்பதாரர்களின் சமூக ஊடகக் கணக்குகளைச் சோதிக்கும் நடைமுறை வந்தபோது, ஏற்கெனவே கொடுத்திருந்த நேர்காணல் தேதிகள் மாதக்கணக்கில் தள்ளிப்போயின. அவசரத்துக்குப் போகிறவர் அங்கே மாட்டிக்கொண்டால் வேலையும் ஆட்டம் காணும். என்னைக் கேட்டால், ஸ்டாம்ப் காலாவதியானவர்களுக்கு அட்வான்ஸ் பரோல் வழிதான் பாதுகாப்பு.

எஃப்-1 மாணவர்கள், எச், எல் ஸ்டேட்டஸ் இல்லாமல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவரைத் திருமணம் செய்து விண்ணப்பித்தவர்கள், மற்ற ஸ்டேட்டஸில் இருக்கும் பெரும்பாலானோர், இவர்களுக்கெல்லாம் அட்வான்ஸ் பரோல் தவிர வேறு வழியில்லை.

சிலர் வக்கீலைக் கேட்காமல் ஒரு அடியும் எடுத்து வைக்கக் கூடாது. நாடுகடத்தல் வழக்கு நடப்பவர்கள், பழைய வெளியேற்ற உத்தரவு உள்ளவர்கள், குற்ற வழக்கு உள்ளவர்கள் அந்த வகை. ஸ்டேட்டஸ் இல்லாமல் 180 நாளுக்கு மேல் தங்கியவர்களும் அப்படியே. அவ்வளவு தங்கிவிட்டு வெளியேறினால் 3 வருடமும், ஒரு வருடமோ அதற்கு மேலோ தங்கியிருந்தால் 10 வருடமும் திரும்ப வரத் தடை உண்டு. அட்வான்ஸ் பரோலில் போய் வருவது இந்தத் தடையைக் கிளப்பாது என்று 2012-ல் குடிவரவு மேல்முறையீட்டு வாரியம் ஒரு வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. இருந்தாலும் உங்கள் கோப்பைப் பார்த்த வக்கீல் சொல்லாமல் அதை நம்பி விமானம் ஏற வேண்டாம்.

அகதித் தஞ்சம் கேட்டவர்களுக்கும் பெற்றவர்களுக்கும் இது இன்னும் கடினம். இலங்கையில் உயிருக்கு ஆபத்து என்று சொல்லித் தஞ்சம் கேட்டுவிட்டு, அந்த வழக்கு நிலுவையில் இருக்கும்போதே இலங்கைக்குப் போனால், தஞ்ச விண்ணப்பத்தைக் கைவிட்டதாகவே கருதுவார்கள். தஞ்சம் கிடைத்து க்ரீன் கார்டுக்குக் காத்திருப்பவர்களுக்கும் சொந்த நாட்டுப் பயணம் தீராத கேள்விகளைக் கொண்டுவரும். அவர்களுக்கான பயண ஆவணமும் வேறு. பெற்ற தாயின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கப் போவதற்கு இப்படியொரு தடையா என்று நெஞ்சு கனக்கும். ஆனாலும் தெரிந்து எடுக்கும் முடிவாக இருக்கட்டும்.

காகிதம்தான் பேசும்

அட்வான்ஸ் பரோல் கையில் இல்லாதவர்கள் அவசரத்தில் அதை யுஎஸ்சிஐஎஸ்ஸின் ஃபீல்டு ஆபீஸில் (உள்ளூர் அலுவலகத்தில்) நேரில் கேட்கலாம். அதைத் தருவதா வேண்டாமா என்பது நீங்கள் வசிக்கும் பகுதியின் ஃபீல்டு ஆபீஸ் அதிகாரியின் முடிவு. நெருங்கிய உறவினரின் மரணம், கவலைக்கிடமான நோய், உங்களுக்கே வெளிநாட்டில் அவசர சிகிச்சை போன்றவற்றை ஏற்பார்கள். கல்யாணம், விடுமுறை, சாதாரண அலுவலகப் பயணம் எடுபடாது. அதிகாரிக்கு உங்கள் அப்பாவைத் தெரியாது, உங்கள் ஊர் ஆஸ்பத்திரியைத் தெரியாது. நீங்கள் நீட்டும் தாள்களை வைத்துத்தான் முடிவு செய்வார்.

அதனால் ஊரில் யாராவது ஒருவரை, அழுது ஓய்ந்த நிலையில் இல்லாத ஒரு சித்தப்பாவையோ அத்தை மகனையோ, இந்த வேலைக்கென்றே நியமியுங்கள். அவர் முதலில் வாங்க வேண்டியது ஆஸ்பத்திரி லெட்டர்ஹெட்டில் மருத்துவர் கடிதம். ‘நோயாளி சிகிச்சையில் உள்ளார்’ என்று ஒற்றை வரியில் எழுதிக் கொடுத்துவிடுவார்கள், அது போதாது. நோயாளியின் முழுப் பெயர், வயது, சேர்த்த தேதி, என்ன நோய், இப்போது எந்த நிலை, உயிருக்கு ஆபத்து இருக்கிறதா, பிள்ளை நேரில் வர வேண்டியதன் காரணம் எல்லாம் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். கீழே மருத்துவரின் கையெழுத்து, பதிவு எண், ஆஸ்பத்திரி முத்திரை, தொலைபேசி எண். டியூட்டி டாக்டரிடம் கேட்டுக் கிடைக்காவிட்டால், ஆஸ்பத்திரியின் மக்கள் தொடர்பு அலுவலர் மூலம் தலைமை மருத்துவரிடம் கேட்கச் சொல்லுங்கள். வாட்ஸாப்பில் சாய்வாக எடுத்த மங்கலான போட்டோ வேண்டாம். நேராக ஸ்கேன் செய்த பிடிஎஃப் வேண்டும்.

இறந்துவிட்டார் என்றால், உள்ளாட்சி தரும் இறப்புச் சான்றிதழ் அன்றே கைக்கு வராது. அதற்காகக் காத்திருக்க வேண்டாம். ஆஸ்பத்திரி தரும் இறப்புச் சுருக்கம் அல்லது மரணக் காரணச் சான்று, மயான ரசீது, வீட்டில் இறந்திருந்தால் வந்து பார்த்த மருத்துவரின் கடிதம், எது முதலில் கிடைக்கிறதோ அதை அனுப்பச் சொல்லுங்கள்.

இங்கே நம்மவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் வரும். “இறந்து மூன்று நாள் ஆகிவிட்டதே, அடக்கமும் முடிந்திருக்குமே, இனிப் போய் என்ன?” என்று அதிகாரி நினைக்கலாம். பதினாறாம் நாள் காரியம் என்று ஒன்று இருப்பதும், அதில் பிள்ளைகளின் பங்கு என்ன என்பதும் அவருக்குத் தெரிய வாய்ப்பில்லை. உங்கள் கடிதத்தில் அதை இரண்டு வரியில் எழுதுங்கள்: எந்தத் தேதியில் என்ன சடங்கு, அதில் நீங்கள் ஏன் இருந்தாக வேண்டும். பத்திரிகை அச்சடித்திருந்தால் அதையும் மொழிபெயர்த்து இணையுங்கள்.

அடுத்தது, உறவுக்கான ஆதாரம். உங்கள் பிறப்புச் சான்றிதழில் அப்பா, அம்மா பெயர் இருக்கும். ஆஸ்பத்திரிக் கடிதத்திலும் அதே பெயர்தானா என்று எழுத்துக்கூட்டிப் பாருங்கள். பிறப்புச் சான்றிதழில் ‘முருகேசன்’, ஆதாரில் ‘எம். முருகேசன்’, ஆஸ்பத்திரிச் சீட்டில் ‘முருகேஷ்’, உங்கள் பாஸ்போர்ட்டில் அதுவே குடும்பப் பெயர் என்று நான்கு இடத்தில் நான்கு விதமாக இருப்பது நமக்குச் சாதாரணம். இனிஷியல் வைத்துக்கொள்ளும் வழக்கம் தெரியாதவருக்கு இவர்கள் நான்கு பேர். பெயரை எப்படி எழுத வேண்டும் என்று ஆஸ்பத்திரிக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மாற்ற முடியாத இடத்தில் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தைக் காட்டலாம். இந்தியப் பாஸ்போர்ட்டில் பெற்றோர் பெயர் அங்கே அச்சாகியிருந்தால் பெரிய உதவி.

தமிழில் உள்ள எந்தத் தாளுக்கும் முழு ஆங்கில மொழிபெயர்ப்பு இணைக்க வேண்டும். மொழிபெயர்த்தவர் ‘எனக்கு இரண்டு மொழியும் தெரியும், இது முழுமையானது, சரியானது’ என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். பெயர், முகவரி, தேதியும் வேண்டும். நோட்டரி தேவையில்லை. காசு கொடுத்துத்தான் செய்ய வேண்டும் என்பதும் இல்லை. இரண்டு மொழியும் தெரிந்த நண்பர் ஒருவர் அரை மணி நேரத்தில் செய்துவிடலாம். நீங்களே செய்யாமல் வேறொருவரை வைத்துச் செய்வது நல்லது.

ஐ-131 படிவமும் கட்டணமும்

ஊரிலிருந்து தாள்கள் வருவதற்குள் ஐ-131 படிவத்தை நிரப்பி வைத்துவிடுங்கள். யுஎஸ்சிஐஎஸ் தளத்திலிருந்து அன்றைக்கு இறக்கிய பதிப்பாக இருக்கட்டும். பழைய பதிப்பைத் திருப்பிவிடுவார்கள். பதிப்புத் தேதி ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் இருக்கும். ஒரே படிவத்தைப் பல வகைப் பயண ஆவணங்களுக்குப் பயன்படுத்துவதால், அமெரிக்காவுக்குள் இருந்துகொண்டு அட்வான்ஸ் பரோல் கேட்பவருக்கான பெட்டியைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறீர்களா என்று இரண்டு தடவை பாருங்கள். பேனாவால் கையெழுத்திடுங்கள்.

2024 ஏப்ரல் 1 முதல் இதற்குக் கட்டணம் 630 டாலர். அந்தத் தேதிக்கு முன்பு கட்டணம் செலுத்தி ஐ-485 போட்டவர்களுக்கு, அது இன்னும் நிலுவையில் இருந்தால், ஐ-131 கட்டணம் கிடையாது. 2020 அக்டோபரில் தேதிகள் முன்னேறியபோது விண்ணப்பித்து இன்னும் காத்திருக்கும் நம்மவர்கள் ஏராளம். அவர்களுக்கெல்லாம் இது பொருந்தும். ரசீது நோட்டீஸ் நகலை இணைத்தால் போதும். கட்டணங்கள் மாறுவதால் கட்டும் நாளில் தளத்தில் ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

2025-ல் வந்த சட்டத்தில் பரோலுக்கு 1,000 டாலர் கட்டணம் என்ற செய்தியைப் படித்துப் பலர் மிரண்டார்கள். ஐ-485 நிலுவையில் வைத்து, வெளிநாட்டுக்குத் தற்காலிகமாகப் போய்த் திரும்புகிறவர்களுக்கு அதிலிருந்து விலக்கு உண்டு.

அப்பாயின்ட்மென்ட் வாங்குவது

1-800-375-5283 என்ற எண்ணில் யுஎஸ்சிஐஎஸ் தொடர்பு மையத்தை அழையுங்கள். திங்கள் முதல் வெள்ளி வரை, கிழக்கு நேரப்படி காலை 8 முதல் இரவு 8 மணிக்குள். முதலில் இயந்திரக் குரல்தான் பேசும். கதை சொல்லாமல் ‘எமர்ஜென்சி அட்வான்ஸ் பரோல்’ என்றும், அதன்பின் அதிகாரியிடம் பேச வேண்டும் என்றும் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். ஆள் வந்ததும் நான்கே விஷயம்: ஐ-485 நிலுவையில் இருக்கிறது, பெற்றோருக்கு இந்த நிலை, இந்தத் தேதிக்குள் புறப்பட வேண்டும், ஃபீல்டு ஆபீஸில் அவசர அப்பாயின்ட்மென்ட் வேண்டும். யுஎஸ்சிஐஎஸ் தளத்தில் நேரடி அப்பாயின்ட்மென்ட் கேட்கும் படிவமும் இருக்கிறது, இரண்டையும் செய்யுங்கள்.

பெரும்பாலும் அவர்கள் திருப்பி அழைத்துத்தான் நேரம் தருவார்கள். அந்த அழைப்பு எண் தெரியாமல் வரலாம். தெரியாத எண்களை மௌனமாக்கும் வசதியை போனில் அணைத்துவிடுங்கள். குளியலறைக்குப் போனாலும் போனை எடுத்துப் போங்கள். இதை மிகையாகச் சொல்லவில்லை; அழைப்பைத் தவறவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கி ஒரு நாளை இழந்தவர்கள் இருக்கிறார்கள்.

ஏற்கெனவே போட்ட ஐ-131 நிலுவையில் இருந்து, பயணத்துக்குச் சில வாரம் இருக்கிறது என்றால் அதே எண்ணில் எக்ஸ்பெடைட் (விரைந்து முடித்துத் தரும் கோரிக்கை) கேளுங்கள். ஓரிரு நாளில் போயாக வேண்டும் என்றால் எக்ஸ்பெடைட்டை நம்பாமல் நேரடி அப்பாயின்ட்மென்ட்டே கேளுங்கள்.

எதுவும் நகரவில்லையா? உங்கள் தொகுதி காங்கிரஸ் உறுப்பினரின் அலுவலகத்தை அழையுங்கள். வாக்குரிமை இல்லாவிட்டாலும் அந்தத் தொகுதியில் குடியிருந்தால் உதவுவார்கள். இதற்கென்றே ஊழியர் இருப்பார். தகவல் பகிர ஒப்புதல் படிவம் ஒன்றில் கையெழுத்து வாங்கிக்கொண்டு யுஎஸ்சிஐஎஸ்ஸிடம் கேட்பார்.

ஃபீல்டு ஆபீஸில்

எடுத்துப் போக வேண்டியவை: கையெழுத்திட்ட ஐ-131, ஐ-485 ரசீது, பாஸ்போர்ட், அதன் நகல், ஐ-94 (அமெரிக்காவுக்குள் நுழைந்ததற்கான பதிவு), 2 அங்குலச் சதுரத்தில் புதிதாக எடுத்த 2 போட்டோ, அவசரத்துக்கான ஆதாரம், உறவுக்கான ஆதாரம், மொழிபெயர்ப்புகள், அரைப் பக்கத்தில் உங்கள் விளக்கக் கடிதம், கட்டணம் உண்டென்றால் வங்கி அட்டை. எப்படிக் கட்டுவது என்று அப்பாயின்ட்மென்ட் தரும்போதே கேட்டுக்கொள்ளுங்கள், ரொக்கத்தை நம்பிப் போக வேண்டாம். எல்லாவற்றிலும் இரண்டு நகல்.

டிக்கெட் காட்டச் சொன்னால் பணம் திரும்பக் கிடைக்கும் டிக்கெட்டோ முன்பதிவு விவரமோ போதும். ‘24 மணி நேரத்துக்குள் ரத்து செய்தால் முழுப் பணம்’ என்ற அமெரிக்க விதி, புறப்படுவதற்கு 7 நாளோ அதற்கு மேலோ இருக்கும்போது வாங்கிய டிக்கெட்டுக்குத்தான். நாளைக்கே கிளம்பும் டிக்கெட்டுக்கு அது பொருந்தாது.

கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். அழுகை வந்தால் அடக்க வேண்டியதில்லை. அன்றே ஆவணத்தை அச்சிட்டுத் தருவதும் உண்டு, மறுநாள் வரச் சொல்வதும் உண்டு. மறுத்தால் எந்த ஆதாரம் குறைகிறது என்று பணிவாகக் கேட்டு, அதைச் சேர்த்துக்கொண்டு மறுபடி அப்பாயின்ட்மென்ட் கேளுங்கள். ஆவணம் கைக்கு வந்ததும் பெயர், பிறந்த தேதி, ஏ-எண் (குடிவரவுக் கோப்பில் உங்களுக்கான எண்), காலாவதித் தேதி, எத்தனை தடவை நுழையலாம் என்பதை அந்த ஜன்னலிலேயே சரிபாருங்கள். வெளியே வந்தபின் பிழையைக் கண்டால் மீண்டும் அதே அலைச்சல்.

‘விண்ணப்பம் கொடுத்துவிட்டேன், வந்ததும் மனைவி கூரியரில் அனுப்பிவிடுவாள்’ என்று புறப்பட்டுவிடாதீர்கள். ஆவணம் கையில் இல்லாமல் வெளியேறினால் விண்ணப்பம் போனதுதான்.

விமானம் ஏறும் முன்

பாதை மிக முக்கியம். சென்னையிலிருந்து அமெரிக்காவுக்கு நேரடி விமானம் இல்லாததால் எங்காவது மாற வேண்டும். அமெரிக்க விசா காலாவதியாகி, அட்வான்ஸ் பரோல் மட்டும் வைத்திருக்கும் இந்தியருக்கு லண்டன் போன்ற ஐரோப்பிய விமான நிலையங்களில் வெறுமனே மாறுவதற்கே டிரான்சிட் விசா கேட்கலாம். தோஹா, துபாய் வழி, அல்லது டெல்லி, மும்பை போய் அங்கிருந்து நேரடி விமானம், இவைதான் தொல்லையில்லாத வழிகள். போகவும் வரவும் ஒரே டிக்கெட்டாக இருக்கட்டும்.

குழந்தைகளையும் அழைத்துப் போகிறீர்கள் என்றால், இங்கே பிறந்தவர்களுக்கு அமெரிக்கப் பாஸ்போர்ட்டும் ஓசிஐ அட்டை (இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தருவது) அல்லது இந்திய விசாவும் வேண்டும். இ-விசாவை 4 நாள் முன்னதாகவாவது விண்ணப்பிக்கச் சொல்கிறது இந்திய அரசு. அந்த அவகாசமும் இல்லையென்றால் இந்தியத் துணைத் தூதரகத்தில் அவசர விசா கேட்கலாம். பாஸ்போர்ட் காலாவதி என்றால், நெருங்கிய உறவினரின் மரணம், உயிராபத்து போன்றவற்றுக்கு அமெரிக்கப் பாஸ்போர்ட் அலுவலகத்தில் தனி அவசரச் சேவை உண்டு. 16 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பெற்றோர் இருவரும் நேரில் போக வேண்டும், அல்லது வராதவர் நோட்டரி முன் ஒப்புதல் கையெழுத்திட வேண்டும். கணவனோ மனைவியோ முன்னால் கிளம்புகிறார் என்றால் இந்தக் கையெழுத்தை முடித்துவிட்டுக் கிளம்பட்டும்.

உங்களோடு விண்ணப்பித்திருக்கும் துணைவர், பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் தனித்தனி அட்வான்ஸ் பரோல் வேண்டும். உங்களுடையது அவர்களுக்குச் செல்லாது.

நீங்கள் இல்லாதபோது வரும் கடிதங்களைப் பார்க்க ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள். தபால் துறையின் இன்ஃபார்ம்டு டெலிவரியில் பதிந்தால், வரும் உறைகளின் படம் மின்னஞ்சலில் வந்துவிடும். கைரேகைக்கு அழைப்பு வந்தால் அந்தத் தேதி கடப்பதற்குள் யுஎஸ்சிஐஎஸ் கணக்கு வழியாக மாற்றிவிடுங்கள். நேர்காணல் தேதியோ கூடுதல் ஆவணக் கோரிக்கையோ வந்தால் அன்றே வக்கீலுக்குத் தெரிவியுங்கள். பதில் போகாமல் விட்டால் அதுவே மறுப்புக்குக் காரணமாகிவிடும்.

திரும்பி வரும்போது

விமான நிறுவன கவுன்டரில் அட்வான்ஸ் பரோலைப் பார்த்துப் பழகாத ஊழியர்கள் ‘விசா எங்கே?’ என்று நிறுத்துவது வழக்கம். மேற்பார்வையாளரை அழைக்கச் சொல்லி, ஆவணத்தைக் காட்டுங்கள். மூன்றரை, நான்கு மணி நேரம் முன்னதாகப் போங்கள். மூல ஆவணம் கைப்பையில் இருக்கட்டும், செக்-இன் பெட்டியில் வேண்டாம்.

அமெரிக்காவில் இறங்கியதும் இரண்டாம் கட்ட விசாரணை அறைக்கு அனுப்புவார்கள். பரோலில் வருகிற எல்லாருக்கும் பொதுவாக நடப்பதுதான், பயப்பட வேண்டாம். காத்திருப்பு சில மணி நேரம் ஆகலாம் என்பதால், அதன்பின் உள்நாட்டு விமானம் இருந்தால் இடைவெளி நிறைய விடுங்கள். அட்வான்ஸ் பரோல் இருந்தாலும் உள்ளே விடுவது எல்லை அதிகாரியின் முடிவுதான். ஐ-485 ரசீது, மருத்துவக் கடிதம் அல்லது இறப்புச் சான்று, வேலைக் கடிதம் ஆகியவற்றின் நகல் கையில் இருந்தால் பேச்சு சீக்கிரம் முடியும்.

வீட்டுக்கு வந்ததும் ஐ-94-ஐ இணையத்தில் இறக்கிப் பாருங்கள். பரோலில் நுழைந்தவர் என்று பதிவாகியிருக்கும். பெயரோ தேதியோ தவறாக இருந்தால் உடனே திருத்தக் கேளுங்கள். எச்-1பி மனு இன்னும் செல்லுபடியாக இருந்தால் அதே நிறுவனத்தில் வேலையைத் தொடரலாம். எச்-4 வேலை அனுமதியில் வேலை செய்தவர் பரோலில் நுழைந்தால் அந்த அனுமதியில் வேலையைத் தொடர முடியாது. ஐ-485 அடிப்படையிலான வேலை அனுமதி அட்டை வேண்டும். எஃப்-1 ஓபிடியில் (மாணவர்களுக்கான தற்காலிக வேலை அனுமதியில்) இருப்பவர்களுக்கும் இதே போன்ற கேள்வி வரும். இந்த இரண்டு வகையினரும் புறப்படுவதற்கு முன்பே வக்கீலிடம் கேட்டுவிட வேண்டும்.

ஊரில் வயதான பெற்றோர் இருந்து, ஐ-485 நிலுவையில் இருந்தால், இப்போது எந்த அவசரமும் இல்லாவிட்டாலும் ஐ-131 போட்டுவிடுங்கள். கையில் உள்ளது காலாவதியாவதற்குப் பல மாதம் முன்பே அடுத்ததையும் போடுங்கள். கூடவே பிறப்புச் சான்றிதழ், அதன் மொழிபெயர்ப்பு, ரசீதுகள், 2 போட்டோ இவற்றை ஒரு கோப்பில் சேர்த்து, அது எங்கே இருக்கிறது என்று வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லி வையுங்கள்.